காணாமல் போன நாற்பது கேலன்

ஜூன் 14, சனிக்கிழமை.

இன்றைய தவறு: சாட்சி சொன்ன சொல்லை எழுதாமல், அதற்கு நான் நினைத்துக்கொண்ட பொருளை எழுதிவிட்டேன். ஒரே ஒரு வினைச்சொல்தான். அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது.

செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் போகும் துப்பறியும் வகுப்பில் ஆசிரியர் முதல் நாளே சொன்னார்: "சாட்சியைத் திருத்தாதே." அதை நோட்டின் முதல் பக்கத்தில் பச்சை மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது கோடு கோணலாகப் போனது. அப்போதே என்னை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை 8.10. இங்கே கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் என்னோடு வேலை பார்க்கும் தீக்ஷா போன் செய்தாள்.

"வான்மதி, யூ ஆர் அ டிடெக்டிவ், ரைட்?"

"இன்னும் ரெண்டு மாசம் க்ளாஸ் பாக்கி இருக்கு. அப்புறம் லைசென்ஸ் வேற அப்ளை பண்ணணும்..."

"குட் இனஃப். ப்ளீஸ் வா. நாளைக்கு டென் தர்ட்டிக்கு எங்கேஜ்மென்ட். அப்பா அதை நிறுத்தப் போறார்."

"ஐயோ, ஏன்?"

"ஷாந்தனோட அப்பா எங்க தண்ணியைத் திருடிட்டாராம். லைக், லிட்டரலி தண்ணி."

லிவர்மோருக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தீக்ஷா, ஷாந்தன் இருவரின் ஆசை. இரண்டு குடும்பங்களும் வெள்ளிக்கிழமை இரவே ஆளுக்கொரு டிரெய்லரைக் காரில் பூட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள சின்ன வீடு, சக்கரத்தின் மேல். அங்கே தண்ணீர் இணைப்பு கிடையாது. டிரெய்லருக்கு அடியில் இருக்கும் டேங்கில் எவ்வளவு கொண்டுபோகிறோமோ அவ்வளவுதான்.

குமுதினி பல் துலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் அறைத்தோழி. பல் டாக்டரிடம் உதவியாளர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து டொரோண்டோவில் வளர்ந்தவள். எனக்கும் அவள்தான் உதவியாளர். கார் அவளுடையது என்பதால் சில நாட்களில் நான்தான் அவளுக்கு உதவியாளரோ என்று தோன்றும்.

"வெளிக்கிடும், வான்மதி," என்றாள், கார்ச் சாவியைக் கையில் எடுத்தபடி. "என்ர வேலையில ஆக்கள் துப்புவினம். உம்மட வேலையில நீர் துப்பு அறிவீர். ரெண்டுக்கும் தண்ணிதான் முக்கியம்."

9.20. கேம்ப்கிரவுண்ட் வாசலில் கார் நிறுத்தச் சீட்டு வாங்கப் பெரிய வரிசை. குமுதினி வரிசையில் நின்றாள். நான் மட்டும் முன்னால் நடந்து போனேன். இந்த விவரம் முக்கியம். அவள் என்கூட வந்திருந்தால் இந்த அத்தியாயம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

தீக்ஷாவின் அப்பா ஸ்ரீநிவாசன் அங்கிள் டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்தார். லிவர்மோருக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் வீடு. முப்பது வருடம் சிப் டிசைன் செய்து ஓய்வு பெற்றவர். மார்ச்சில் இந்த டிரெய்லரைப் பழையதாக வாங்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு காலி வாளி, அவரைப் போலவே வாயைத் திறந்துகொண்டு.

"வாம்மா. எழுதிக்கோ," என்றார். "நேத்து சாயங்காலம் டப்ளின்ல கிளம்பறச்சே நானே ஹோஸ் போட்டேன். நாப்பது கேலன் டேங்க். நாப்பது நிமிஷம். ஒரு நிமிஷத்துக்கு ஒரு கேலன்னு வெச்சுக்கோயேன். உள்ள போய்க் குழாயைத் திறந்து பாத்தேன், அருவி மாதிரி கொட்டித்து. ராத்திரி இங்க வந்ததும் அசதி, பாட்டில் தண்ணியைக் குடிச்சுட்டு அப்படியே படுத்துட்டோம். காலம்பற ஆறு மணிக்குப் பல் தேய்க்கத் திறந்தா, புஸ்ஸுன்னு காத்து!"

"பம்ப் ஆன்ல இருந்ததா, அங்கிள்?"

"ஆன்தாம்மா. அது பாட்டுக்கு கடகடன்னு ஓடறது, ஆஃபீஸ்ல மேனேஜர் மாதிரி. ஒண்ணும் வெளியில வரலை."

உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே ஒரு சின்னப் பலகை. டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் விளக்குகள். மூன்றில் இரண்டு பங்கு என்ற விளக்கு எரிந்தது.

"இதுல டூ தர்ட்ஸ் காட்டுதே?"

"நேத்தும் அதான் காட்டித்து. இப்பவும் அதான் காட்டறது. அங்கதான் திருடனோட மூளை! மீட்டருக்கே தெரியாம எடுத்திருக்கான்." அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி என்ன டாக்டர், தெரியுமோ? கிட்னி டாக்டர். டயாலிசிஸ்! ஒருத்தருக்குத் தெரியாம ஒரு பக்கம் உருவி இன்னொரு பக்கம் விடறது அவர் தொழிலே!"

"அப்பா, ஸ்டாப்!" என்றாள் தீக்ஷா. அழுது மூக்கு சிவந்திருந்தது.

அவள் அம்மா ராஜலக்ஷ்மி ஆன்ட்டி பேப்பர் தட்டுகளை டிஷ்யூவால் துடைத்துக்கொண்டிருந்தார். "காலையிலேர்ந்து இதே பாட்டு. ஒரு வருஷப் பழக்கம், ஒரு வாளித் தண்ணியில போயிடும் போலிருக்கு."

"ஆதாரம் இருக்குடி!" அங்கிள் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு, அவர் டிரெய்லருக்குப் பின்னாடி மண்ணு சொதசொதன்னு இருக்கு. ரெண்டு, அவர் வெள்ளை ஹோஸ் வெளியில கிடக்கு. மூணு, அவரே ஒத்துண்டார். ஆறரை மணிக்கு நான் போய், 'என்ன டாக்டர், இந்தப் பக்கம் ஒரே ஈரமா இருக்கே'ன்னு கேட்டேன். 'காலமை வடிவாத் தோய்ஞ்சனான்'னார். ஒரு எழுத்து மாத்தாம சொல்றேன். என் தண்ணியில அவாத்துத் துணி பூரா தோய்ச்சுட்டு, சிரிச்சுண்டே சொல்றார்ம்மா!"

நான் நோட்டில் தெளிவான கையெழுத்தில் எழுதினேன்: *காலையில் நன்றாகத் துணி துவைத்ததாக டாக்டர் ஒப்புக்கொண்டார்.*

"நாளைக்குப் பத்தரைக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்," என்றார் அங்கிள். "தண்ணி திருடறவா ஆத்துக்குப் பொண்ணைக் குடுத்து, நான் தட்டு மாத்த மாட்டேன்."

தீக்ஷா என்னைப் பார்த்த பார்வையில், இரண்டு மாத வகுப்பு பாக்கி என்பதை மறுபடி சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

10.05. குமுதினி இரண்டு காப்பியோடு வந்தாள். நாங்கள் நாற்பது அடி தள்ளி நின்ற அடுத்த டிரெய்லருக்குப் போனோம். அது வாடகைக்கு எடுத்தது. பின்பக்கத்தில் ஈர மண், உண்மைதான். வெள்ளை ஹோஸ் கிடந்தது, அதுவும் உண்மை. மரத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவே கொடி கட்டியிருந்தது. எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு குமுதினி என் நோட்டை வாங்கி, நான் எழுதியிருந்த வாக்குமூலத்தைப் படித்தாள். கொடியைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

"வான்மதி, இந்தக் கொடியில என்ன காயுது?"

"ஒரு துண்டு."

"ஒண்டு. ஒரே ஒரு துவாய். அதைத் துவைக்க நாப்பது கேலனோ? இது என்ன துவாயோ, சேர்க்கஸ் கூடாரமோ?"

எனக்குக் காது சூடானது. துணி பூராவும் துவைத்தவர் எங்கே காயப் போட்டார்? இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். எழுதும் மும்முரத்தில் பார்க்கவே மறந்துவிட்டேன்.

அதற்குள் டாக்டர் ஞானேஸ்வரன் வெளியே வந்துவிட்டார். ஆறடி உயரம், வெள்ளை மீசை, இடுப்பில் லுங்கி, மேலே பல்கலைக்கழகப் பெயர் போட்ட பனியன். "வாங்கோ பிள்ளையள். முதல்ல தண்ணி குடியுங்கோ. ஒரு நாளைக்கு மூண்டு லீற்றர். பிறகு என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

படிக்குக் கீழே ஐந்து கேலன் நீலக் கேன்கள் நான்கு. இரண்டு நிறைந்தவை. ஒன்று பாதி. ஒன்று காலி. அதிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "டாக்டர், இன்னைக்குக் காலைல நீங்க துணி துவைச்சீங்களா?"

"நானோ? இல்லையே."

"ஸ்ரீநிவாசன் அங்கிள்ட்ட நீங்களே சொன்னதா..."

"நான் தோய்ஞ்சனான் எண்டெல்லோ சொன்னனான்."

குமுதினியின் காப்பி மூக்கு வழியாக வந்தது. இதை நான் அப்படியே பதிவு செய்கிறேன், ஏனென்றால் என் நோட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் கறை இருக்கிறது.

"ஐயோ வான்மதி! தோய்ஞ்சனான் எண்டால் குளிச்சனான்! உடுப்பைத் தோய்ச்சால் 'தோய்ச்சனான்'. தானே தோய்ஞ்சால் 'தோய்ஞ்சனான்'. நீர் ஒரு மனிசன்ரை குளிப்பைப் பிடிச்சு வாஷிங் மெஷினுக்கை போட்டிட்டீர்!"

ஒரு ச், ஒரு ஞ். தன்வினை, பிறவினை. பள்ளியில் அதில் நான் பத்துக்குப் பத்து. அங்கிள் ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். பொருளை அவரும் தவறாகவே எடுத்துக்கொண்டார், ஆனால் சொல்லையாவது சரியாகச் சொன்னார். நான் சொல்லையும் தொலைத்துவிட்டேன். பச்சை மையின் இரண்டு கோடுகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"எதிலே குளிச்சீங்க, டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாளியில. இந்தக் கேன் தண்ணிதான். விடியப்புறம் அஞ்சரைக்குப் பின்னால நிண்டு, ரெண்டு கப் ஊத்தினனான். ரேஞ்சரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. நிலத்தில தண்ணி விடக் கூடாதாம்."

"உள்ளே ஷவர் இருக்கே?"

டாக்டர் மீசையைத் தடவினார். தூரத்தில் ஏரியைப் பார்த்தார். "அது எனக்குச் சின்னன்."

இதை வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

10.50. அங்கிளிடம் திரும்பி வந்து, தோய்தலுக்கும் தோய்த்தலுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். என் தவறையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. குளிச்சார். ஒத்துக்கறேன். அப்ப என் தண்ணி எங்க போச்சு? நாப்பது கேலன், காக்கா குடிக்குமா?"

நியாயமான கேள்வி. டாக்டரைக் காப்பாற்றிவிட்டேன், வழக்கைத் தொலைத்துவிட்டேன். தீக்ஷா நகம் கடித்தாள்.

வகுப்பில் சொல்வார்கள்: திருடனைத் தேடாதே, பொருள் போன வழியைத் தேடு. நான் டிரெய்லருக்கு அடியில் படுத்தேன். கறுப்பு டேங்க் தெரிந்தது. அதன் அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் சின்னக் குழாய், அழுத்தமாக மூடியிருந்தது. தொட்டேன். காய்ந்த தூசி. கசிவு இல்லை. அந்த இடத்து மண்ணில் ஒரு சொட்டு விழுந்த அடையாளம்கூட இல்லை.

குமுதினியும் குனிந்து வந்து டேங்கின் பக்கத்தில் விரல் முட்டியால் தட்டினாள். டொம், டொம்.

"கச்சேரி வைக்கலாம்," என்றாள். "முழு வெறுமை. அங்க விளக்கு மூண்டில ரெண்டு எண்டுது."

"அப்ப விளக்கு பொய் சொல்லுது."

"எப்பவும் மூண்டில ரெண்டுதானோ? அங்கிள்! போன தரமும் இப்பிடித்தான் காட்டினதோ?"

மேலிருந்து குரல் வந்தது. "எப்பவும் அதான்ம்மா! வாங்கின அன்னிலேர்ந்து டூ தர்ட்ஸ். கீழ இறங்கினதே இல்லை. ரொம்ப ஸ்டெடியான வண்டி!"

நான் மண்ணில் படுத்தபடியே எழுதினேன். மாறாத மீட்டர், வேலை செய்யாத மீட்டர். உள்ளே ஏதோ படிந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் நேற்று டேங்க் நிறைந்ததற்குச் சாட்சி யார்? மீட்டர் இல்லை. நாற்பது நிமிடம் என்ற கணக்கும், அருவி மாதிரி கொட்டிய குழாயும்தான்.

வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டேன். "அங்கிள், நேத்து ஃபில் பண்ணும்போது, நிரம்பி வெளிய வழிஞ்சதா?"

"வழியறதா?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கலிஃபோர்னியாவுல தண்ணிப் பஞ்சம்மா! ஒரு சொட்டு வழிய விடுவேனா? அப்படி விட்டா எங்க அண்ணா மாம்பலத்துலேர்ந்து வந்து அடிப்பான்."

"முந்தின ட்ரிப்லயெல்லாம் தண்ணி வந்ததா?"

"ரெண்டு ட்ரிப். ரெண்டுலயும் நன்னா வந்தது. அங்கெல்லாம் சைட்டுக்கு சைட் குழாய் இருக்கும். ஹோஸை மாட்டிட்டா முடிஞ்சது, கிளம்பற வரைக்கும் கழட்டவே மாட்டேன்."

ஹோஸ் மாட்டியிருக்கும்போது தண்ணீர் வருகிறது. கழற்றிய பிறகு முதல் முறையாக இங்கே நிற்கிறது. நான் இதை இரண்டு வரியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நேத்து ஹோஸை எந்த இடத்துல மாட்டினீங்க, அங்கிள்? காட்டுங்க."

டிரெய்லரின் இடது பக்கத்தில் இரண்டு வாய்கள். ஒன்றில் 'சிட்டி வாட்டர்' என்று எழுதியிருந்தது. ஹோஸ் மாட்டி மாட்டி அதன் மரை பளபளத்தது. இரண்டடி தள்ளி இன்னொன்று. 'ஃப்ரெஷ் வாட்டர்' என்று போட்டு, பூட்டுள்ள மூடி.

அங்கிள் பெருமையோடு முதல் வாயைத் தட்டிக் காட்டினார். "இதான்."

"ஏன் இது?"

"என்னம்மா கேள்வி? நான் மேற்கு மாம்பலத்துல வளர்ந்தவன். எங்காத்துல ரெண்டு பைப்பு. ஒண்ணு போர் தண்ணி, உப்பு. பாத்திரம் கழுவ, கால் அலம்ப. இன்னொண்ணு கார்ப்பரேஷன் தண்ணி. அதான் குடிக்க, காப்பி போட, சாமிக்கு. அதுக்குத்தான் காலங்காத்தால நாலு மணிக்குக் குடத்தோட நிப்போம். இங்கயும் ரெண்டு ஓட்டை. ஃப்ரெஷ்னு யார் வேணா போட்டுக்கலாம், வாடின கத்திரிக்காய்க்கும் ஃப்ரெஷ்னு போடறான். ஆனா சிட்டி வாட்டர்னா? கார்ப்பரேஷன் அங்கீகாரம்!"

ராஜலக்ஷ்மி ஆன்ட்டி மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்கிள்," என்றேன். சரியாகத்தான் சொல்கிறேனா என்று மனத்துக்குள் இரண்டு முறை சரிபார்த்தேன். "சிட்டி வாட்டர்ல மாட்டினா, தண்ணி நேரா உள்ள இருக்கற குழாய்க்குப் போகும்னு நினைக்கறேன். ஹோஸ் இருக்கற வரைக்கும் கொட்டும். டேங்க் பக்கம் போகவே போகாது. டேங்க்கு வழி அந்த இன்னொரு மூடி."

"நினைக்கறியா, தெரியுமா?"

"நினைக்கறேன்..."

"பொறும்," என்றாள் குமுதினி. "சாட்சி இருக்கு. அந்த மூடியின்ரை திறப்பு எங்கை?"

சாவிக் கொத்திலிருந்து ஒரு சின்னச் சாவியைத் தீக்ஷா எடுத்துக் கொடுத்தாள். அதில் பழைய சொந்தக்காரர் கட்டிய காகிதச் சீட்டு அப்படியே இருந்தது. சீட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை. குமுதினி மூடியைத் திறந்தாள்.

உள்ளே, வாய் முழுவதையும் அடைத்து, வட்டமாக, கச்சிதமாக ஒரு சிலந்தி வலை. நடுவில் குடும்பத் தலைவி. ஓரத்தில் ஒரு முட்டைப் பை.

"அங்கிள்," என்றாள் குமுதினி, "உங்கட டேங்குக்குத் தண்ணி போறதெண்டால் இவவைத் தாண்டித்தான் போகவேணும். இவ வீடு கட்டி, குடியேறி, பிள்ளைப்பேறும் பாத்திட்டா. ஒரு துளி நனையேல்லை. இவ்வளவு காலமும் நீங்கள் டேங்குக்கு விட்டது பேச்சு மட்டும்தான்."

ஸ்ரீநிவாசன் அங்கிள் வலையைப் பார்த்தார். சிலந்தி அவரைப் பார்த்தது. முப்பது வருடம் சிப் டிசைன் செய்தவரின் முகம் காலி வாளியை விடவும் காலியாக இருந்தது.

"அப்போ... யாரும் திருடலை."

"திருட அதுல ஒண்ணுமே இல்ல, அங்கிள்."

தீக்ஷா சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. "மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேளே. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுண்டு தட்டு மாத்தறது?"

வழக்கு முடிந்தது என்று எழுதப் போனேன். பேனா நின்றது. பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கேள்விக்குறி அங்கேயே இருந்தது. *"அது எனக்குச் சின்னன்."* டாக்டர் ஆறடி. ஆனால் ஷவரில் குனிந்து குளிப்பது, விடிகாலைக் குளிரில் ரேஞ்சருக்குப் பயந்து டிரெய்லருக்குப் பின்னால் குளிப்பதைவிடச் சுலபம். காப்பாற்றி வைத்த குடிதண்ணீரை எதற்கு ஊற்றிக்கொள்ள வேண்டும்?

"அங்கிள், டாக்டர் டிரெய்லருக்கு யார் தண்ணி ஃபில் பண்ணினா?"

"நான்தான். அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது பாவம், வாடகை வண்டி. வெள்ளிக்கிழமை ரெண்டு வண்டியும் எங்காத்து வாசல்லதான் நின்னுது. 'நீங்க உக்காருங்கோ டாக்டர், நான் பாத்துக்கறேன்'னு, அதே மாதிரி நாப்பது நிமிஷம், அதே மாதிரி..."

வாக்கியம் பாதியில் நின்றது.

11.40. எல்லாரும் டாக்டர் டிரெய்லருக்கு நடந்தோம். அங்கிள் கையில் வாளி இருந்தது. எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"டாக்டர்," என்றேன், "உங்க குழாயிலயும் தண்ணி வரலை, இல்லையா?"

டாக்டர் அங்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளிருந்து அவர் மனைவி தவமணிதேவி எட்டிப் பார்த்து, "சொல்லுங்கோவன். ராத்திரியில இருந்து மனசுக்குள்ள வைச்சு வேகிறியள்," என்றார்.

"வரேல்லை," என்றார் டாக்டர். "ராத்திரி வந்த உடனேயே திறந்தனான், ஒரு துளியும் இல்லை. பூட்டக் குழாய் தேடி ஹோஸையும் வெளியில எடுத்துப் போட்டனான், இங்க குழாயே இல்லை. எங்கட மீற்றர் பூச்சியம். அதைச் சொல்லுவம் எண்டு அப்பவே ஸ்ரீநிவாசன்ர வண்டிக்குப் போனனான். அங்க மீற்றர் மூண்டில ரெண்டு. நான் என்னத்தை நினைக்கிறது? ரெண்டு வண்டிக்கும் தண்ணி விட்டது அவர். எங்கடையில ஒண்டும் இல்லை, அவரிட்ட நிறைய இருக்கு."

"அப்ப நீங்க..."

"அவர் எடுத்திட்டார் எண்டுதான் நினைச்சனான். ஆனா என்ர பெடியனுக்கு நாளைக்கு நிச்சயம். சம்பந்தியைக் கள்ளன் எண்டு வாய் திறந்து சொல்லுறதோ? அதுதான் பேசாமல் வாளியில தோய்ஞ்சனான்."

இந்த முறை அந்தச் சொல்லைச் சரியாக எழுதிக்கொண்டேன்.

ஸ்ரீநிவாசன் அங்கிள் கொதித்தார். "என்னையா? என்னைத் திருடன்னா நினைச்சேள்? எப்படி டாக்டர் நினைக்கலாம் நீங்க?"

"நீங்க நினைச்சேளே!" என்றார் ராஜலக்ஷ்மி ஆன்ட்டி.

"நான் வெளியில சொன்னேன். இவர் மனசுக்குள்ளயே வெச்சுண்டிருந்திருக்கார் பாரு!"

"அதைப் படிச்ச ஆக்கள் மரியாதை எண்டு சொல்லுவினம், அங்கிள்," என்றாள் குமுதினி.

பிறகு டாக்டரின் மீசை ஆடியது. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அங்கிள் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாளியை நீட்டினார்.

"டாக்டர், காலம்பறலேர்ந்து நான் பல் தேய்க்கலை. ஒரு சொம்பு தண்ணி குடுங்கோ."

"ஒரு சொம்போ? மூண்டு லீற்றர் குடிச்சாத்தான் விடுவன்." டாக்டர் பாதிக் கேனை அப்படியே வாளியில் கவிழ்த்தார்.

தவமணிதேவி ஆன்ட்டி உள்ளே போய் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தார். "நாளைக்கு வாசல்ல நிறைகுடம் வைக்க வேணும். மாவிலை, தேங்காய் எல்லாம் கொண்டுவந்தனான். தண்ணிக்குத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இருந்தது."

அங்கிள் குடத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "இதுக்கு என் டேங்க் தண்ணிதான். நான் ரொப்பித் தரேன். இந்தத் தடவை சரியான ஓட்டையில." பிறகு என்னைப் பார்த்துக் குரலைக் குறைத்தார். "நீயும் கூட வந்து நில்லும்மா. எனக்கு என் மேலயே இப்போ கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

அந்த உணர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவரிடம் சொன்னேன்.

தீக்ஷா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் விரல்களில் கடிக்க இனி நகம் இல்லை. நாளை மோதிரம் போடும்போது எல்லாரும் அந்த விரலைத்தான் பார்ப்பார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

திரும்பும் வழியில் குமுதினி கேட்டாள்: "இந்த வழக்குக்கு வகுப்பில என்ன பேர் குடுப்பீர்?"

"இன்னும் யோசிக்கலை."

"'தோய்ஞ்சவனும் தோய்க்காதவனும்' எண்டு வையும். கள்ளனே இல்லாத வழக்கைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீர்தான்."

பாராட்டா, கேலியா என்று தெரியவில்லை. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நாளை, ஜூன் 15, ஞாயிறு. செய்ய வேண்டியது:

கேம்ப்கிரவுண்ட் வாசலில் இருக்கும் குடிதண்ணீர்க் குழாய் காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான். அங்கிளின் டிரெய்லரை 6.45க்கு அங்கே இழுத்துப் போக வேண்டும். முதலில் சிலந்தியையும் முட்டைப் பையையும் ஒரு பேப்பர் கப்பில் எடுத்து, மரத்தடியில் விட வேண்டும் (குமுதினி). ஹோஸைப் பூட்டுள்ள மூடியில் விட வேண்டும், சிட்டி வாட்டரில் இல்லை (நான்). அந்தத் தண்ணீர் குடத்துக்கும் கை கழுவவும் மட்டும். டேங்கை ப்ளீச் போட்டுக் கழுவும்வரை யாரும் குடிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மீட்டரைப் பார்க்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அங்கிள் போதும் என்று சொன்னாலும் நிறுத்தக் கூடாது. தண்ணீர் நிரம்பி வெளியே வழிவதை என் கண்ணால் பார்த்த பிறகே, நோட்டில் "நிரம்பியது" என்று எழுத வேண்டும்.